பந்தல் நிறைய இலை, பூ எங்கே?

தை பிறந்துவிட்டது. முல்லைக்கும் ஜாதிமல்லிக்கும் கத்தரி வைக்க வேண்டிய மாதம் இது. வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டு கொடிகளைப் பற்றியவை. அதனால் இந்த இதழில் வாசக் கொடிகளுக்கு மட்டுமே இடம்.

*

எங்கள் வீட்டு முல்லைக்கு நான்கு வயது. மாடிப்படிக் கைப்பிடியில் ஏறி, தண்ணீர்த் தொட்டி வரை போய்விட்டது. இலை கரும்பச்சையாகச் செழித்திருக்கிறது. முதல் இரண்டு வருடம் தினமும் ஒரு முழம் தொடுக்கும் அளவுக்குப் பூத்தது. போன வருடம் பூத்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாதம் ஒரு பிடி யூரியா வைக்கிறேன், அரிசி கழுவிய தண்ணீரும் ஊற்றுகிறேன். இதுவரை ஒரு கிளையைக்கூட வெட்டியதில்லை, மனம் வரவில்லை. என்ன குறை?
— வாசகி, திருமங்கலம்

கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, மனம் வரவில்லை என்று, அதுதான் குறை. முல்லை, அந்தந்தப் பருவத்தில் புதிதாகத் துளிர்க்கும் கிளைகளில்தான் மொட்டு வைக்கும். போன வருடம் பூத்து ஓய்ந்த கிளை இலையை மட்டும் சுமந்துகொண்டு நிற்கும். உங்கள் கொடியில் நான்கு வருடத்துக் கிளைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மேலே இருப்பவை வெயிலை மறைக்க, உள்ளே இருப்பவை காய்ந்து குச்சியாகியிருக்கும். கொடியை விலக்கிப் பாருங்கள், உள்ளே பழுப்பாகச் சுள்ளி நிறைந்திருக்கும்.

ஜனவரி கடைசி வாரத்தில், அதாவது தை பத்துக்கு மேல், வெட்டுங்கள். முதலில் காய்ந்த குச்சி, நோயுற்ற கிளை, பென்சில் பருமன்கூட இல்லாத வலுவற்ற கிளை எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடுங்கள். பிறகு மிஞ்சியிருப்பதைப் பாருங்கள். நான்கு வருடம் கைபடாத கொடிக்கு, தரையிலிருந்து 45 செ.மீ., ஏறக்குறைய ஒன்றரை அடி உயரத்தில் நல்ல தண்டுகள் ஐந்தாறை மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிடுவதே சரியான வழி. வயலில் முல்லை பயிரிடுகிறவர்கள் ஆண்டுதோறும் இந்த உயரத்தில்தான் கவாத்து செய்கிறார்கள். வெட்டி முடித்ததும் மொட்டையாக நிற்பதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். வேர் நான்கு வருடத்து வேர், அது சும்மா இருக்காது. மூன்று நான்கு வாரத்தில் கணுவுக்குக் கணு துளிர் வரும். பங்குனி வாக்கில் முதல் மொட்டுகள் தெரியும்.

படிக்கட்டின் பச்சை மொத்தமாகப் போய்விடுமே என்று தயங்கினால், பாதித் தண்டுகளை இந்தத் தையிலும் மீதியை அடுத்த தையிலும் வெட்டலாம். பூ கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

கத்தரி கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கும், நசுங்கிய இடம் அழுகும். வெட்டு, கணுவுக்கு ஒரு செ.மீ. மேலே சற்றுச் சாய்வாக விழட்டும். விரல் பருமனுள்ள தண்டுகளின் வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சணக்கொல்லியைக் கூழாகக் குழைத்துத் தடவுங்கள்.

இனி யூரியா. மாதாமாதம் தழைச்சத்து மட்டும் கிடைத்தால் கொடி இலையைத்தான் பெருக்கும். முல்லைக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு என்றால் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) இரண்டிரண்டு பங்கு வேண்டும். இது சத்தின் கணக்கு, உரத்தின் எடைக் கணக்கு அல்ல. வெட்டியதும் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வட்டமாகக் கொத்தி, மக்கிய தொழுவுரம் 10 கிலோ, யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் போட்டு மண்ணால் மூடித் தண்ணீர் விடுங்கள். இதே ரசாயன உர அளவை ஆனி, ஆடியில் இன்னொரு முறை கொடுங்கள். வருடத்துக்கு இந்த இரண்டு முறை போதும். ரசாயனம் வேண்டாம் என்றால் தொழுவுரத்தோடு எலும்புத்தூள் 200 கிராம், வேப்பம்பிண்ணாக்கு 250 கிராம், இரண்டு பிடி விறகுச் சாம்பல். சாம்பல் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும், அதனால் உப்புத்தண்ணீர் பாயும் தோட்டத்தில் அதை விட்டுவிடுங்கள். அரிசி கழுவிய நீரால் கெடுதல் இல்லை, ஆனால் அதை உரமாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இவ்வளவு செய்தும் பூக்கவில்லை என்றால் வெயிலைப் பாருங்கள். ஒரு நாளில் குறைந்தது ஆறு மணி நேரம் நேர்வெயில் படாத முல்லை, என்ன போட்டாலும் பூக்காது.

*

முல்லை என்று சொல்லி வாங்கி வைத்த கன்று இரண்டு வருடமாக ஒரு புதராகவே நிற்கிறது, பந்தலில் ஏறவே மாட்டேன் என்கிறது. ஏமாந்துவிட்டேனா?
— வாசகர், மன்னார்குடி

இலையைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக, பளபளப்பான ஒற்றை இலைகள் இருந்தால் அது மல்லி. குண்டுமல்லி, அடுக்குமல்லி, 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி எல்லாம் இந்த இனம்தான். இது இயல்பிலேயே புதர்ச்செடி. நீண்ட கிளை சில விடுமே தவிர பந்தலை மூடாது. அதைப் புதராகவே வைத்துக்கொண்டு கார்த்திகையில் கவாத்து செய்யுங்கள், நன்றாகப் பூக்கும்.

முல்லைக்கு நடுவில் ஒரு பெரிய இலை, அதன் காம்பில் இரு பக்கமும் காதுமடல் போல இரண்டு குட்டி இலைகள். சில இடத்தில் அந்தக் குட்டி இலைகள் உதிர்ந்தும் போயிருக்கும், அதனால் நாலைந்து கணுக்களைப் பாருங்கள். ஜாதிமல்லியின் இலை இறகு போலப் பிரிந்து ஐந்து முதல் ஒன்பது வரை சிற்றிலைகளோடு இருக்கும், மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். நெல்லை, கன்னியாகுமரிப் பக்கம் பிச்சி என்பது இதைத்தான். தோவாளைச் சந்தைக்கு வரும் பிச்சியும் இதுவே. இலையிலும் தண்டிலும் மென்மயிர் படர்ந்து, கொத்துக் கொத்தாக வெள்ளைப்பூ பூத்து, முகர்ந்தால் மணமே இல்லையென்றால் அது காக்கடா. பார்வைக்கு நன்றாக இருக்கும், தலையில் வைக்க வாங்கியவர்களுக்கு ஏமாற்றம்தான்.

கன்று வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் பெயரை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். கூடவே பூவோடு இருக்கும் கன்றாகக் கேட்டு வாங்குங்கள்.

*

வாசலில் முல்லைப் பந்தல் போட ஆசை. எத்தனை அடி, என்ன சாமான், கன்றை எங்கே வைப்பது? பந்தலுக்குப் பாம்பு வரும் என்று வீட்டில் பெரியவர்கள் தடுக்கிறார்கள்.
— வாசகி, புதுக்கோட்டை

முல்லைக்குப் பாகல், பீர்க்கு போலப் பற்றுச்சுருள் கிடையாது. எதையாவது சுற்றிக்கொண்டோ, எதன்மேலாவது சாய்ந்துகொண்டோதான் மேலே போகும். பற்றிக்கொள்ள ஒன்றும் கிடைக்காவிட்டால் தன் மேலேயே சுருண்டு கிடக்கும். பறம்புமலைப் பாரி தன் தேரை முல்லைக்கு விட்டுவந்ததாகச் சொல்லப்படுவது இந்தத் தவிப்பைப் பார்த்துத்தான். கொழுகொம்பு இல்லாத முல்லையைக் கண்ணால் கண்டவர்களுக்கு அந்தச் செயல் விளங்கும்.

ஒரு கொடிக்கு எட்டடிக்கு எட்டடி பந்தல் தாராளம். உயரம் ஆறரை அடி. அதற்கு மேல் போனால் தினமும் முக்காலி போட்டுப் பூப்பறிக்க வேண்டிவரும், கொஞ்ச நாளில் பறிப்பதையே விட்டுவிடுவீர்கள். ஒன்றரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் நான்கு, ஒவ்வொன்றும் எட்டரை அடி நீளம். இரண்டடி ஆழம் குழி எடுத்து, ஜல்லி கான்கிரீட் போட்டு நிறுத்துங்கள். மேலே நான்கு பக்கமும் ஒரு அங்குலக் குழாயால் சட்டம், அதன்மேல் குறுக்கும் நெடுக்கும் அடிக்கு ஒன்றாக ஜி.ஐ. கம்பி. கம்பி தளர்வாக இருந்தால் மூன்றாம் வருடம் மழையில் நனைந்த கொடியின் பாரத்தில் நடுவில் தொட்டில் போலத் தொங்கிவிடும். இழுத்து முறுக்குங்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால் சவுக்குக் கம்பு போதும். மண்ணுக்குள் போகும் பகுதியிலும் மண்ணுக்கு மேல் அரையடி வரையிலும் தார் பூசுங்கள். அப்படியும் இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும், அதுவும் கொடி முழுசாகப் படர்ந்த பிறகு என்பதால் எங்கள் பரிந்துரை குழாய்தான்.

கன்றைச் சுவரோரம் ஒட்டி வைக்காதீர்கள். சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி, ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுங்கள். வீடு கட்டியபோது விழுந்த சிமென்டுக் காரையும் செங்கல் துண்டும் சுவரோரம்தான் புதைந்திருக்கும், அவை வந்தால் முழுவதும் பொறுக்கி எடுத்துவிட்டு வேறு செம்மண் நிரப்புங்கள். இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று கீழே மஞ்சள் இலைக் கேள்வியில் இருக்கிறது. குழியை இரண்டு வாரம் வெயிலில் ஆறவிட்டு, மேல்மண்ணோடு 10 கிலோ தொழுவுரமும் கால் கிலோ வேப்பம்பிண்ணாக்கும் கலந்து நிரப்பி நடுங்கள். களிமண்ணாக இருந்தால் ஒரு சட்டி ஆற்றுமணல் சேர்க்க வேண்டும். ஆனியிலிருந்து கார்த்திகை வரை நடலாம், ஐப்பசி அடைமழை வாரங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தண்ணீர் தேங்கி நின்றால் இளம் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும்.

நட்ட கன்று பந்தலைத் தொடும் வரை இரண்டு தண்டுக்கு மேல் விடாதீர்கள். பக்கத்தில் வரும் துளிர்களைக் கிள்ளிக்கொண்டே வாருங்கள். தண்டைக் கம்போடு கட்டப் பருத்தித் துணிக்கிழிசல் அல்லது சணல், எட்டு என்ற எண் வடிவில், தளர்வாக. நைலான் கயிறும் கட்டுக்கம்பியும் வேண்டாம், தண்டு பருக்கும்போது அறுத்துவிடும். நுனி பந்தலுக்கு மேல் ஒரு சாண் போனதும் கிள்ளிவிட்டால் நான்கைந்து கிளை பிரியும். அவற்றைத் திசைக்கொன்றாகப் பரப்பிவிடுங்கள். இந்தப் பந்தலில் ஆண்டுதோறும் செய்யும் கவாத்து வேறு மாதிரி: பந்தல் வரை ஏறும் தண்டையும் மேலே பரப்பிய முதன்மைக் கிளைகளையும் விட்டுவிட்டு, அவற்றிலிருந்து தொங்கும் பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு வெட்டினால் போதும்.

பாம்பு, பூவின் மணத்தைத் தேடி வருவதில்லை. தவளை, எலி, பல்லி, ஓணான் இவற்றைத் தேடி வரும். தரையோடு புதராக அடைந்து, அடியில் சருகும் செங்கல்லும் குவிந்து கிடந்தால் எந்தச் செடிக்கும் வரும். கொடியின் அடித்தண்டில் இரண்டடி உயரம் வரை இலையில்லாமல் வழித்து, பந்தலின் கீழ்த்தரையைப் பெருக்கி வெறுந்தரையாக வையுங்கள். பந்தல் கிளைகளை வீட்டுச் சன்னலோடும் ஓட்டோடும் சேரவிடாமல் ஒரு முழம் இடைவெளி விடுங்கள். பெரியவர்களின் பயத்துக்கும் இது பதில் சொல்லும்.

*

மாடியில் தொட்டியில் ஜாதிமல்லி வருமா?
— வாசகி, சென்னை

வரும், தொட்டி பெரிதாக இருந்தால். பதினெட்டு அங்குல அகலமும் அதே உயரமும் உள்ள வளர்ப்புப்பை, அல்லது பாதியாக அறுத்த 200 லிட்டர் நீல டிரம். அதற்குக் குறைந்தால் வைகாசி வெயிலில் மதியத்துக்குள் மண் காய்ந்து, மொட்டு விரியும் முன்பே உதிரும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, நன்றாக அலசிய தேங்காய்நார்க் கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவை அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இலை நுனியைக் கருக்கும். நனைந்த நிலையில் இது நூறு கிலோவைத் தொடும், அதனால் தளத்தின் நடுவில் வைக்காமல் கீழே சுவரோ உத்திரமோ இருக்கும் இடத்துக்கு நேர்மேலே வையுங்கள். அடியில் மூன்று செங்கல் கொடுத்தால் நீர் வடியும், தளச்சூடும் வேரைத் தாக்காது.

பந்தல் தேவையில்லை. ஐந்தடி உயரத்துக்கு மூங்கில் தட்டி ஒன்றை விசிறி போல நிறுத்தி, கிளைகளைப் பக்கவாட்டில் படுக்கவிட்டுக் கட்டுங்கள். நேராக மேலே ஏறும் கிளை நுனியில் மட்டும் துளிர்க்கும், படுக்கையாக வளைத்த கிளையோ கணுவுக்குக் கணு துளிர்க்கும், பூவும் கூடும். கோடையில் தினமும் காலையில் தண்ணீர், மழையில்லாத குளிர்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தைக் கவாத்தின்போது பையின் விளிம்பு மண்ணை நான்கு விரல் அகலத்துக்கு வேரோடு வெட்டி எடுத்துவிட்டுப் புதுக்கலவை நிரப்புங்கள்.

*

மொட்டுகள் ஊதா நிறமாகிக் காய்ந்து கொட்டுகின்றன. சிலவற்றில் ஓட்டையும் நூலாம்படை மாதிரியும் இருக்கிறது. இலைகளில் வெள்ளையாகக் கம்பளி ஒட்டியது போல வேறு. என்ன மருந்து அடிக்கலாம்?
— வாசகர், சத்தியமங்கலம்

மூன்றும் மூன்று வேறு தொல்லைகள், அதனால் ஒரே மருந்தில் தீராது.

ஓட்டையும் நூலும் மொட்டுப்புழுவின் வேலை. பச்சையான சிறு புழு, தலை கறுத்திருக்கும். மொட்டைக் குடைந்து உள்ளே தின்னும், பக்கத்து மொட்டுகளை நூலால் பிணைத்துவிடும். மொட்டின் அடி வீங்கி, ஊதாவாகிக் காய்வது மொட்டு ஈயினால். கொசுவைவிடச் சிறிய அந்த ஈ மொட்டில் முட்டையிட, உள்ளே வெண்ணிறப் புழுக்கள் சாற்றை உறிஞ்சும். பிறகு அவை மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மேலே மருந்தடித்துவிட்டு உதிர்ந்த மொட்டுகளைக் கீழேயே விட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் அடுத்த தலைமுறை மேலே வந்துவிடும். தினமும் பூப்பறிக்கும்போதே கெட்ட மொட்டுகளைத் தனியாகக் கிள்ளி, உதிர்ந்ததையும் கூட்டி, கொதிநீரில் போட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை கொடியடி மண்ணை இரண்டு அங்குலம் கிளறி வெயில் படவிடுங்கள், ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கும் கலந்துவிடுங்கள்.

தெளிக்க வேப்பங்கொட்டைக் கரைசல். ஒரு லிட்டருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, துணியில் முடிந்து இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் பிழிந்து வடிகட்டி, சிறு துண்டு காதிசோப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள். மாலையில், பூப்பறித்த பிறகு, மொட்டுக்கொத்துகள் நனையும்படி தெளிக்க வேண்டும். பத்து நாளுக்கு ஒன்றாக மூன்று முறை. பூச்சிக்கொல்லி விஷங்களை வீட்டுக் கொடிக்குப் பரிந்துரைக்க மாட்டோம். இந்தப் பூ மறுநாளே குழந்தையின் தலையில் ஏறுகிறது.

வெள்ளைக் கம்பளி பூஞ்சணம் போலத் தெரிந்தாலும் அது பூஞ்சணமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேன் இலையைத் துளைக்க, இலை தன் மேல் வளர்க்கும் மயிர் அது. பட்ட கிளைகளை வெட்டி எரித்துவிட்டு, நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளியுங்கள். உச்சிவெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள், எண்ணெயும் கந்தகமும் சேர்ந்தாலும் கருகும். முல்லையில் பாரிமுல்லை என்ற ரகம் இந்தச் சிலந்திப்பேனைத் தாங்கும். புதிதாக வைக்கிறவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஜாதிமல்லி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அதன் மொட்டு இயல்பாகவே வெளியே சிவந்திருக்கும். நிறத்தை மட்டும் பார்த்து மருந்தைத் தூக்காதீர்கள். அடி வீங்கி, விரலால் நசுக்கினால் உள்ளே புழு தெரிந்தால்தான் நோய்.

*

துளிர் இலைகள் மஞ்சளாக வருகின்றன, நரம்பு மட்டும் பச்சை. உரம் கூட்டிக் கொடுத்தும் மாறவில்லை.
— வாசகர், தூத்துக்குடி

இளம் இலை வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் ஒரே சீராக மஞ்சளானால்தான் தழைச்சத்துக் குறை. நீங்கள் கொடுத்த உரம் வேறு நோய்க்கான மருந்து. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்பும் கார நீரும் அதை வேரால் எடுக்க முடியாதபடி கட்டிப்போடும். சுவரோரச் சிமென்டுக் காரையும் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரும் வழக்கமான காரணங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, பிறகு இரும்பு சல்பேட்டு (அன்னபேதி) 5 கிராம் கரைத்து, உடனே, மாலையில் இலைமேல் தெளியுங்கள். எலுமிச்சை இல்லாவிட்டால் கரைசல் துருவாகி வீணாகும். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. பழைய இலை தேறாது, புதுத்துளிர் பச்சையாக வந்தால் பலித்தது என்று அர்த்தம். மழைநீரைச் சேர்த்து ஊற்ற முடிந்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை. இலை மஞ்சளாகாமலே ஒரு கிளை திடீரென்று வாடித் தொங்கினால், அது வேரழுகலாக இருக்கலாம். நீரை நிறுத்தி, வடிகால் வெட்டி, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து வேரடியில் ஊற்றுங்கள்.

*

தோழி வீட்டு ஜாதிமல்லியிலிருந்து குச்சி ஒடித்து வந்து நட்டேன், மூன்று முறையும் காய்ந்துவிட்டது.
— வாசகி, கோவில்பட்டி

ஒடிக்காதீர்கள், வெட்டுங்கள். பூத்து முடிந்த, பாதி முதிர்ந்த கிளையில் ஒரு சாண் நீளம், நான்கு கணு. அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே. மேலே இரண்டு இலை விட்டு மற்றவற்றை உருவி, இரண்டு கணு மண்ணில் மறைய மணல் கலந்த கலவையில் சாய்வாகச் செருகி, நிழலில் ஈரம் காயாமல் வையுங்கள். நேர்வெயில் பட்டதும் காய்வதுதான் உங்கள் குச்சிகளுக்கு நடந்திருக்கும்.

இன்னும் உறுதியான வழி பதியன். தோழி வீட்டிலேயே ஒரு நீண்ட கிளையை வளைத்து, ஒரு கணுவுக்குக் கீழே அங்குல நீளத்துக்குத் தண்டில் பாதி ஆழம் கீறி, கீறலில் சிறு கல்லைச் செருகி, மண் நிரப்பிய தொட்டியில் மூன்று அங்குலம் புதைத்து மேலே செங்கல் வையுங்கள். தாய்க்கொடி பாலூட்டிக்கொண்டே இருக்கும், அதனால் காயாது. 90 முதல் 120 நாளில் வேர் பிடிக்கும். ஆனி, ஆடி இதற்கு நல்ல காலம். வேர் பிடித்ததும் தாயிடமிருந்து ஒரேயடியாக அறுக்காமல், முதல் வாரம் பாதி வெட்டு, அடுத்த வாரம் முழு வெட்டு.

*

முல்லையோடு அதே பந்தலில் ரங்கூன் மல்லியும் ஏற்றலாமா?
— வாசகர், காரைக்குடி

வேண்டாம். ரங்கூன் மல்லி மல்லி இனமே அல்ல, மணத்தால் வந்த பெயர் அது. இருபதடிக்கு மேல் அநாயாசமாக ஏறும், ஒரு மழைக்காலத்தில் முல்லையை நிழலில் மூழ்கடித்துவிடும். வேரிலிருந்து பக்கக் கன்றுகளும் கிளம்பும். தனியாக வாசல் வளைவிலோ வலுவான மதில்மேலோ வைத்தால் அதன் அழகே அழகு. அந்தியில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கடுத்த நாள் செக்கச்சிவந்து, ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். மணம் இரவில்தான், விட்டில் பூச்சிகளுக்கான அழைப்பு அது. இலை உதிர்ந்த பிறகு காம்பின் அடி முள்ளாக இறுகி நிற்கும், அதைக்கொண்டுதான் அது ஏறுகிறது. கவாத்தின்போது கையுறை போடுங்கள். ஐந்து விளிம்புள்ள அதன் காயில் உள்ள விதை, சில நாடுகளில் குடற்புழுவுக்கு மருந்து. அளவு மீறினால் வாந்தியும் விக்கலும் வரும், குழந்தைகள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுக்குப்பூ ரகத்தில் காய் பிடிப்பது அரிது, சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதுவே மேல்.

*

காலை எட்டு மணிக்குப் பறிக்கிறோம், மாலையில் தொடுத்தால் மணமே இல்லை, பூ வாடியும் போகிறது.
— வாசகி, திண்டுக்கல்

நேரம்தான் தவறு. நன்றாகத் திரண்டு வெளுத்த, ஆனால் வாய் திறக்காத மொட்டை, வெயில் ஏறும் முன்பு, ஆறு மணிக்குள் பறியுங்கள். எட்டு மணிக்குள் மொட்டின் ஈரம் இறங்கத் தொடங்கிவிடும். பறித்ததை நனைத்துப் பிழிந்த வெள்ளைத்துணியிலோ வாழையிலையிலோ பொதிந்து நிழலில் வையுங்கள், தண்ணீரில் போடாதீர்கள். மொட்டுக்கு மணம் கிடையாது. விரியும்போதுதான் மணம் உண்டாகி வெளிவரும். அதனால் மதியமே வாழைநாரில் தொடுத்து வைத்துவிட்டால், அந்தியில் தலையில் இருக்கும்போதே விரியும்.